வட்டம் சுற்றும் நேரம்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தால் ஜெயசுந்தரி சேலைகூட மாற்ற மாட்டாள். நேராகக் கூடத்து மேஜைக்குப் போய் லேப்டாப்பின் பொத்தானை அமுக்குவாள். பிறகுதான் பைபிளும் பாட்டுப் புத்தகமும் அலமாரிக்குப் போகும்.

லேப்டாப்புக்கு அவசரம் தெரியாது. முதலில் உள்ளே விசிறி மூச்சு வாங்கும். கறுப்புத் திரையில் கம்பெனியின் பெயர் வந்து அப்படியே நிற்கும். அப்புறம் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அது சுற்றி முடிவதற்குள் உலையில் அரிசி போட்டு, ரசத்துக்குப் புளியும் கரைத்துவிட்டு வந்துவிடலாம். அவள் எதையும் செய்ய மாட்டாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டான்லி வருவார். பக்கத்து நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் போட்டு உட்காருவார். இரண்டு பேரும் வட்டத்தைப் பார்ப்பார்கள்.

அந்த வட்டம் சுற்றுகிற நேரத்துக்கு மட்டும்தான் மகள் எமி அந்த வீட்டில் இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து எமி போன் செய்ததை முன்பே பார்த்தோம். கூட வேலை பார்க்கும் கிருஷ்ணபிரசாத்தை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகச் சொன்னாள். கேட்டுவிட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னாள். ஸ்டான்லி சத்தம் போடவில்லை. "சரி" என்றார். போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மகளோடு அவர் பேசிய கடைசி வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவர் அவளைத் திட்டியதில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "நல்லாயிருக்கா" என்பார். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். சாப்பிடும்போது எடுத்தால் தட்டோடு எழுந்துவிடுவார். இதை ஜெயசுந்தரி கற்றுக்கொள்வதற்குள் சில சாப்பாடுகள் வீணாயின.

லேப்டாப், எமி காலேஜில் வைத்திருந்தது. போகும்போது விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி செத்துவிட்டதால் எப்போதும் வயர் சொருகியே இருக்க வேண்டும். கலேப், மூத்தவன், அம்மாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, இதிலேயே எமியைப் பார்க்கலாமே என்று பல தடவை சொல்லியாயிற்று. போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது, கண் வலிக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். கண் வலிக்கவில்லை. போன் கையில் எடுத்ததும் பேசுகிறது. அதன் பக்கத்தில் யாரும் நாற்காலி போட்டு உட்கார மாட்டார்கள்.

வட்டம் சுற்றும்போது ஸ்டான்லி பேசுவார். மனைவியைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், "அங்க பனி கொட்டுதாம், பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காலுக்குக் கம்பளி சாக்ஸ் இருக்கோ என்னமோ" என்றார்.

எமி அங்கே காத்துக்கொண்டிருப்பாள். இந்த லேப்டாப் விழித்து, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்ததும் கூப்பிடுவாள். மணி அடித்த அந்தக் கணம் ஸ்டான்லி எழுந்துவிடுவார். நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கும். "ஏட்டி, சாக்ஸ் இருக்கா?" என்று ஜெயசுந்தரி கேட்பாள். எமி அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலியை ஒரு நொடி பார்ப்பாள். "இருக்கு. ரெண்டு ஜோடி போட்டுக்கிடுதேன்னு சொல்லுங்க" என்பாள்.

யாரிடம் சொல்ல என்று அம்மா கேட்க மாட்டாள். அடுத்த ஞாயிறு, வட்டம் சுற்றும்போது, "ரெண்டு ஜோடி போட்டுக்கிடுதாளாம்" என்பாள். ஸ்டான்லி மெதுவாகத் தலையாட்டுவார்.

இப்படித்தான் கேள்வி ஒரு வாரமும் பதில் ஒரு வாரமுமாக, அப்பாவும் மகளும் மூன்று வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் எமி ஒன்று கேட்டிருந்தாள்.

"டிசம்பர்ல லீவு கிடைச்சிருக்கும்மா. ரெண்டு பேரும் வாரோம். விஜயவாடாவுக்கு அவங்க வீட்டுக்குப் போறது முடிவாயிட்டு. நம்ம வீட்டுக்கு வரலாமான்னு அப்பாட்ட கேளுங்க. அடுத்த ஞாயிறு சொன்னீங்கன்னா டிக்கெட்டைப் போட்டுடுவேன்."

'அப்பாட்ட' என்று அவள் வாயிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடக்கிறவள்போல ஜெயசுந்தரி அந்தக் கேள்வியை வாரம் முழுவதும் வைத்திருந்தாள். திங்கட்கிழமை கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை, வட்டம் சுற்றும்போது கேட்டுவிட வேண்டும்.

இன்று பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. ஆசீர்வாதம் முடிந்ததும் ஆட்டோ பிடித்துவிட்டாள். ஸ்டான்லி வழக்கம்போலப் பாட்டு நம்பர் பலகையிலிருந்து நம்பர்களைக் கழற்றி அடுக்கிவிட்டு ஸ்கூட்டரில் வருவார். ஹைதராபாத்தின் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பிறகு கோயிலில் அவர் தேடி எடுத்துக்கொண்ட வேலை அது.

வீட்டு வாசலில் கலேப் நின்றுகொண்டிருந்தான். கையில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு டப்பா.

"இந்தாம்மா, கொண்டாந்துட்டேன்" என்றான்.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால், தான் குடியிருக்கும் சைனிக்புரியிலிருந்து வந்தவன், அம்மாவும் அப்பாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டு பேரும் தவம் பண்றீங்களா? இதுக்கு ஒரு வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லுவான், மறந்துவிடுவான் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த ஒன்றை அவன் மறக்கவில்லை.

"எஸ்.எஸ்.டி. இது. பழைய டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும், அதுல ஒரு முள்ளு போய்த் தேடும். அதான் லேட்டு. இதுல சுத்துறதுன்னே ஒண்ணு கிடையாது. சுவிட்சைப் போட்டா லைட் எரியற மாதிரி வந்துடும்."

"இன்னைக்கு வேண்டாம்ல" என்றாள் ஜெயசுந்தரி.

"கைக்கு? ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். நக்கோ."

கலேப் சிரித்துவிட்டான். தமிழில் காரணம் தீர்ந்துபோனால்தான் அம்மா ஹைதராபாத் பாஷைக்கு வருவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் காரணங்களைத் தேடினாள். அதில் இருக்கிற போட்டோவெல்லாம் போய்விடும் என்றாள். ஒன்று விடாமல் நகல் எடுத்துவிட்டுத்தான் மாற்றப்போகிறேன் என்றான். பழைய பொருள், பிரித்தால் பிறகு சேராது என்றாள். தன்னுடைய லேப்டாப்பைத் தானே இப்படி மாற்றியிருப்பதாகவும், பட்டான்செருவில் அவன் வேலை பார்க்கிற மருந்துக் கம்பெனியில் இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். கடைசியில், எமியுடைய பொருள், அவளைக் கேட்காமல் தொடக் கூடாது என்றாள்.

"கேட்டாச்சும்மா. 'பண்ணுடா, அம்மா பாவம், எவ்ளோ நேரம்தான் காத்துட்டு இருப்பாங்க'ன்னா."

 எமிக்குத் தெரியாது. தான் கேட்கிற கேள்வி எங்கே வைத்துக் கேட்கப்படுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கலேபிடம் சொல்லலாம். ஆனால் என்னவென்று சொல்வது? அந்த நேரத்துக்குப் பெயர் இல்லை. பெயர் சொன்னால் ஸ்டான்லி அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்.

கலேப் லேப்டாப்பைப் போட்டான். வட்டம் சுற்றத் தொடங்கியது. ஸ்டான்லி இன்னும் வரவில்லை. முதல் தடவையாக அவள் கடைசிவரை அவரில்லாமல் அதைப் பார்த்தாள். சுற்றி முடிந்ததும், பச்சைப் புள்ளி எரிவதற்கு முன்னாலேயே கலேப் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டான். லேட் ஆகும், காத்திரு என்று எமிக்குப் போனில் செய்தி அனுப்பினான். புதிய டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டி லேப்டாப்போடு சேர்த்தான். திரையில் ஒரு நீளப் பெட்டி வந்தது. அதன் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு நீலம்.

"இது அந்தக் கடைசிக்குப் போகணும். ஒரு மணி நேரம் ஆகலாம்."

அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஸ்டான்லி உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கலேப் டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். தட்டு, முள், சுவிட்சு, லைட். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று ஜெயசுந்தரி கடைசிவரை காத்திருந்தாள். வீட்டுப் பொருளில் பிறர் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

"இதைப் போட்டா எவ்வளவு நேரத்துல வரும்?" என்று கேட்டார்.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ளப்பா."

ஸ்டான்லி தலை குனிந்து ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார்.

அந்தச் சரியை ஜெயசுந்தரிக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டது.

அரிசி இன்னும் களையவில்லை என்று தெரிந்ததும் கலேப், பிரியாணி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. வீடு அமைதியானது.

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உடை மாற்றிக்கொள்ள உள்ளே போன ஸ்டான்லி, மாற்றாமலே திரும்பி வந்தார். நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் போட்டார்.

நீலம் மெல்ல நகர்ந்தது. நகர்கிறதா என்று பார்த்தால் நகரவில்லை. வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் நகர்ந்திருந்தது. வட்டத்தைப் பார்க்கும்போது அது எப்போது நிற்கும் என்று தெரியாது. இதில் முடிவு எங்கே என்று கண்ணெதிரே இருந்தது.

கேட்க வேண்டியதைக் கேட்க இவ்வளவு நேரம் அவளுக்கு எப்போதும் கிடைத்ததில்லை. கிடைத்ததும் நாக்கு எழவில்லை. எங்கோ ஒரு ரயில் சிக்னலுக்கு நின்று, கூவி, மறுபடி கிளம்பியது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகுதோ?" என்று ஸ்டான்லி கேட்டார்.

"ஒண்ணும் விட்டுப்போகாதுன்னு சொன்னான்."

"ம்."

பாதிப் பெட்டி நீலமாகிவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்தது. பயம்தான் பேச வைத்தது.

"டிசம்பர்ல லீவாம்."

அவர் எழவில்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. எழுவதற்குக் காரணம் இல்லை.

வெகு நேரம் கழித்து, "ரெண்டு பேருமா?" என்றார்.

"ரெண்டு பேரும்தான்."

 ஸ்டான்லி, கலேப் வைத்துவிட்டுப் போன டப்பாவின் மூடியை எடுத்து மூடினார். திறந்தார். மூடினார்.

"இங்க வரலாமான்னு கேக்கா."

"யாரு?"

"யாரு கேப்பா? அவதான்."

"என்னன்னு கேட்டா?"

ஜெயசுந்தரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாள் என்று கேட்கிறார்.

"'அப்பாட்ட கேளுங்க'ன்னு கேட்டா."

ஸ்டான்லியின் விரல்கள் டப்பாவின் மேல் நின்றுபோயின. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது வழக்கமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

கேட் திறந்தது.

"டபுள் மசாலா கேட்டு வாங்கியிருக்கேன்" என்றபடி கலேப் உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். "அட, முடியப்போகுதே."

ஸ்டான்லி டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

அதன் பிறகு வேலை நடந்தது. லேப்டாப்பை அணைத்துக் குப்புறப் போட்டார்கள். கலேப் கொண்டுவந்திருந்த திருப்புளி பெரிதாக இருந்தது. ஸ்டான்லி தன் பெட்டியிலிருந்து மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற சின்னத் திருப்புளியை எடுத்து வந்து கொடுத்தார். கலேப் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக் கொடுக்க, அவர் ஒரு சில்வர் தட்டில் வாங்கி வைத்தார். அடியில் எப்படி இருந்ததோ அதே வரிசையில், மூலைக்கு மூலை, நடுவுக்கு நடு என்று. ஒர்க்‌ஷாப் பழக்கம். எதைப் பிரித்தாலும் அதன் படம் தட்டில் இருக்க வேண்டும்.

பழைய டிஸ்க் வெளியே வந்தது. கலேப் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைச் சொருகினான். மூடியைப் பொருத்தி ஸ்க்ரூக்களைத் திருப்பத் தொடங்கினான். ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு துளை மிஞ்சியது. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஒண்ணு குறையுது" என்றார் ஸ்டான்லி.

"கீழ விழுந்துருக்கும்." கலேப் மேஜைக்கடியில் புகுந்தான். போன் வெளிச்சத்தில் தரையைத் துழாவினான்.

"அது கிடைக்காம போட வேண்டாம். பொறுமையா தேடு. அடுத்த வாரம்கூடப் பாத்துக்கிடலாம்."

"ஒரு ஸ்க்ரூ இல்லன்னா ஒண்ணும் ஆகாதுப்பா. கொஞ்சம் ஓவரா பண்றீங்க."

ஸ்டான்லி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

ஜெயசுந்தரி அவரையே பார்த்தாள். மிக்ஸியின் வாஷர் ஒன்று உருண்டோடிய நாளில், அது கிடைக்கும்வரை இந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடுப்பைத் தூக்கி, பீரோவை நகர்த்தி, வாசற்படி வரை தவழ்ந்து தேடி எடுத்த மனிதர். இன்று குனியக்கூட இல்லை. கீழே பார்க்கவும் இல்லை. அவர் வலது கை சட்டைப் பையின் மேல், நெஞ்சு வலிக்கிறவர்போல, படிந்திருந்தது.

அவள் மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வட்டம் சுற்றும் நேரம் வேண்டும் என்பது தன் ஆசை என்று இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்; அது அவளுடையது மட்டுமல்ல.

"போடு கலேப்" என்றாள். 

கலேப் லேப்டாப்பை நிமிர்த்தி வயரைச் சொருகினான். "நீங்களே அமுக்குங்கம்மா" என்றான்.

அவள் அமுக்கினாள். விரலை எடுப்பதற்குள் கம்பெனிப் பெயர் வந்தது. புள்ளிகள் ஒரு சுற்று சுற்றின. இரண்டாவது சுற்றை முடிக்கவில்லை. எமி எப்போதோ வைத்த கடற்கரைப் படம் திரையை நிறைத்தது. பச்சைப் புள்ளி எரிந்தது. மணி அடித்தது. "பாத்தீங்களா!" என்று சொல்லிக்கொண்டே கலேப் கை நீட்டி அழுத்திவிட்டான்.

ஸ்டான்லி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். அவ்வளவுதான் அவருக்கு நேரம் இருந்தது.

திரையில் எமி.

தலை வாராமல், கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, இவ்ளோ நேரம்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவள் பார்வை அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், எப்போதும் காலியாக இருக்கும் இடத்தில் நின்றது.

 திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் ஸ்டான்லியின் முகமும் தெரிந்தது. அவர் தன் முகத்தைத் தானே ஒரு தரம் பார்த்தார். பிறகு பெரிய திரையைப் பார்த்தார். மகள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். நெற்றியில் ஒரு முடி நரைத்திருந்ததோ, வெளிச்சமோ.

கலேப் வாயைத் திறந்தான். ஜெயசுந்தரி மேஜைக்குக் கீழே அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சுந்தரி" என்றார் ஸ்டான்லி. பார்வை திரையை விட்டு நகரவில்லை. "தொண்டைக்கு என்ன? மஃப்ளர் சுத்தியிருக்கா."

 எமி அம்மாவைப் பார்த்தாள்.

"லேசா சளிதான்னு சொல்லுங்கம்மா."

ஜெயசுந்தரி கணவர் பக்கம் திரும்பினாள். "லேசா சளிதானாம்."

"மிளகு தட்டிப் போட்டுப் பால் குடிக்கச் சொல்லு."

"மிளகு தட்டிப் போட்டு..."

"குடிக்கேன்னு சொல்லுங்க" என்றாள் எமி.

"குடிக்காளாம்."

"ராத்திரியில குடிக்கணும். காலையில குடிச்சு என்ன பிரயோஜனம்."

"ராத்திரியிலதான் குடிக்கேன்னு சொல்லுங்கம்மா."

ஜெயசுந்தரிக்கு மூச்சு வாங்கியது. இதைக் கேட்டு, சொல்லி, பதில் வாங்கி, சேர்க்க எத்தனை ஞாயிறுகள் ஆகியிருக்கும்? அத்தனை ஞாயிறும் அவள் முகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தன. கலேப் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தான் எதைக் கழற்றினோம் என்று அவனுக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

எமிக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, ஆவி பறக்கும் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு மறைந்தது. முகம் தெரியவில்லை. அங்கேயும் ஒருவர் படத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டான்லி அந்தக் கையைப் பார்த்தார். அது போன பிறகும் அந்த இடத்தைப் பார்த்தார்.

"அம்மா" என்றாள் எமி, மெல்ல. "நான் போன வாரம் கேட்டது?"

ஜெயசுந்தரி திரும்பவில்லை. இந்தத் தடவை அவளால் திரும்ப முடியவில்லை. பக்கத்தில் நாற்காலி தரையில் உரசியது. அவர் எழுந்துவிட்டார். செருப்பில்லாத கால்கள் கூடத்தைக் கடந்து போயின. எமி கண்ணை மூடிக்கொண்டாள்.

கொல்லை வாசலில் அந்தக் கால்கள் நின்றன.

"சுந்தரி. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆராதனை நாலு மணிக்கே வச்சிடுவாங்க. விடியக்காலம் கோயில்ல குளிரும். அந்த மஃப்ளரை எடுத்துட்டு வரச் சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது.

எமி மஃப்ளரின் நுனியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஜெயசுந்தரி கை நீட்டித் திரையைத் தொட்டாள். தொட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. கலேப் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.

வெகுநேரம் கழித்து எமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படத்துக்கு வெளியே நிற்கிறவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"ஒரு மஃப்ளரா, ரெண்டாம்மா? கேட்டுச் சொல்லுங்க. டிக்கெட்டை ரெண்டு நாள் நிறுத்தி வைக்கேன். அதுக்கு மேல முடியாது."

ரெண்டு நாள். அடுத்த ஞாயிறு வரை இல்லை.

கலேப் பிரியாணியை நான்கு பேருக்கு வாங்கியிருந்தான். மூன்று பேர் சாப்பிட்டார்கள், அதிகம் பேசாமல். ஸ்டான்லி எலும்பைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். கிளம்பும்போது கலேப் பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்து, இதைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்றார் ஸ்டான்லி. வாங்கிக் கொண்டுபோய்த் தன் பெட்டியில் வைத்தார்.

வாசலில் கலேப் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். "அம்மா, நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. நல்லதுதான் பண்ணே" என்றாள். அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். அதில் பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

சாயந்திரம் அவள் ஒரு தரம் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தாள். கடற்கரை வந்துவிட்டது. அணைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் கடற்கரை. உட்காருவதற்கு நாற்காலியை இழுப்பதற்குள் வந்துவிட்டால் யார் உட்காருவது? எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது?

துணி முக்கக் கொல்லைப்பக்கம் போனாள். ஸ்டான்லியின் கோயில் சட்டையை வாளிக்குள் போடுமுன், வழக்கம்போலப் பையைத் தடவினாள். கோயில் நோட்டீஸ் ஒன்று. கைக்குட்டை. அதற்கடியில் ஏதோ விரலைக் குத்தியது.

அரிசி மணியளவு ஸ்க்ரூ. கறுப்பு.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது.

"சுந்தரி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "அந்தச் சட்டையை முக்கிட்டியா?"

"இன்னும் இல்ல."



"ஒண்ணுமில்ல. அந்த ஸ்க்ரூ எங்கயாவது தட்டுப்பட்டுதான்னு கேட்டேன்."

ஜெயசுந்தரி கையை மூடிக்கொண்டாள்.

"இல்லியே" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "தேடணும். மேஜைக்கடியிலதான் எங்கயாவது கிடக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். மூடியிருந்த கையையும் பார்த்தார். ஒரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாவகாசமாத் தேடு" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். மேஜைக்கடியில் தலையை நுழைத்தாள். அங்கே தூசி இருந்தது, ஒரு பழைய பேனா மூடி இருந்தது, ஸ்டான்லியின் இரண்டு பாதங்கள் இருந்தன. ஸ்க்ரூ அவள் உள்ளங்கையில் அழுந்தியது. இல்லாத இடத்திலெல்லாம் அவள் விரலால் தடவித் தேடினாள். மேலேயிருந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வெளியே விளக்கு வைக்கிற நேரம்.

"ஏங்க" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "மஃப்ளர் ஒண்ணா, ரெண்டான்னு கேக்கா."

பாதங்கள் அசைந்தன. பெருவிரல்கள் தரையில் ஊன்றின.

அவள் காத்திருந்தாள்.

நாற்காலி நகரவில்லை.